நீங்கிய நட்பும் நீங்காப் பழக்கமும்

முறிந்துபோன நட்பினை மனத்தினின்றும் விடுதல் எங்ஙனம் என்பதும், அங்ஙனம் விடுதல் நன்றி மறத்தலாகுமோ என்பதும் ஈண்டு ஆராயற்பாலன.

எனக்கும் ஓர் அன்பருக்கும் முப்பது யாண்டு நட்பு இருந்தது. மாலைதோறும் அவர் என் இல்லத்துத் திண்ணைக்கு வருவர். விளக்கேற்றுங்காறும் இருவரும் நூலாராய்ந்திருப்போம். ஒருநாள் ஒரு சொல்லால் அது முறிந்தது. பிழை இருவர்பாலும் உண்டு. யான் சென்று பொறுத்தருள வேண்டினேன், அவரும் பொறுத்தார், ஆயினும் பழைய நட்பு மீளவில்லை. இனி அஃது இல்லை என்பதை என் அறிவு உணர்ந்தது. உணர்ந்தும், மாலை வந்ததும் கை தானே இரண்டு தடுக்குகளை இட்டது. கால் தானே அவர் தெருவை நோக்கித் திரும்பிற்று.

அறிந்த பின்னும் இஃது ஏன் நிகழ்கின்றது? மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து ஒன்பதாம் சூத்திரத்தில் இதற்கு விடை உளது. ஞானத்தாற் கண்ட உயிரும் பழக்கமிகுதியால் பண்டு நோக்கியதனையே மீள நோக்கும். வேம்பிற் பயின்ற புழு மீட்டும் வேம்பினையே நாடுதல் போல. அது நீங்குதற்பொருட்டே திருவைந்தெழுத்தை ஓதுக என விதிக்கப்பட்டது. ஒருமுறை அறிதல் அமையாது, பலகாற் பயிறல் வேண்டும் என்பது கருத்து. உயர்ந்த நிலையிற் கூறிய இவ்வுண்மை உலகியற் பற்றுக்கும் ஒக்கும். பற்று ஒரே நாளில் வந்ததன்று. நாடோறும் செய்த சிறு செயல்களாற் பதிந்தது. ஆகலின், சிறு செயல்களாலேயே அது கழியற்பாலது.

இங்ஙனம் துணிந்து, கோயிலுக்குச் செல்லும் வழியை வடக்குத் தெருவாக மாற்றினேன். அன்பர் தம் கைப்படக் குறிப்பெழுதிய நன்னூற் பிரதியை மேசையினின்றும் எடுத்துப் பெட்டியில் வைத்தேன். ஆயினும் அம்மாலைப்பொழுது வெறுமையாகவே நின்றது. கல்லெறிந்தபோது விலகும் குளத்துப்பாசி மறுகணமே வந்து மூடுமெனச் சித்தியார் காட்டும் உவமை நினைவிற்கு வந்தது. விலக்குதல் மட்டும் போதாது. விலக்கிய இடத்தே நல்லதொன்று நிலைபெறல் வேண்டும். ஆதலின் அயல்வீட்டுச் சிறுவன் ஒருவனுக்கு அப்பொழுதில் இலக்கணம் சொல்லத் தொடங்கினேன். இரண்டாந் தடுக்கில் அவன் அமர்ந்தான்.

இது நன்றி மறத்தலன்றோ எனின், அன்று. பற்று வேறு, அன்பு வேறு. அவர் எனக்கு இன்னவாறு இருத்தல் வேண்டுமென, எனதென்னும் செருக்காற் பிடித்து நிற்பது பற்று. அவர் எங்கிருப்பினும் நன்றாக இருத்தல் வேண்டுமென விழைவது அன்பு. முன்னது நீங்குதலாற் பின்னது குறையாது. மறைப்பு நீங்கி விளங்கும்.

ஓராண்டு கழிந்தபின் ஒருநாள், அச்சிறுவன் ஒரு சூத்திரத்தில் ஐயம் வினவினான். பெட்டியைத் திறந்து அன்பர் குறிப்பினைப் படித்துக் காட்டினேன். “இதனை எழுதியவர் யார், ஐயா?” என்றான். “இச்சூத்திரத்தின் பொருளை எனக்குத் தெளிவித்தவர்” என்றேன். நெஞ்சு நோகவில்லை. யான் விட்டது பற்றினையேயன்றி நட்பின் பயனையன்று என்பதை அப்பொழுதே அறிந்தேன்.

இத்துயருடைய அன்பர்கள், எல்லாவற்றையும் ஒருங்கே துறத்தல் அரிதென மலையாது, நாளை மாற்றத்தகும் ஒரு சிறு செயலினின்று தொடங்குவாராக.