ஓடுபாதை ஓரத்துக் குறிப்புகள்

விடிந்ததும் முதல் வேலை ரன்வேயைப் பார்ப்பது. ஜீப்பை மெதுவாக உருட்டிக்கொண்டு ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை போக வேண்டும். தூத்துக்குடி வாகைகுளத்தில் 1992இல் விமான நிலையம் தொடங்கியபோது ஓடுபாதை 1,350 மீட்டர்தான். இன்று 3,115 மீட்டர். கண் முழுக்கத் தரையிலேயே இருக்கும். கல், திருகாணி, டயர்த் துணுக்கு, விளக்கின் கண்ணாடிச் சில்லு, காற்றில் பறந்து வந்த பாலிதீன் பை என எது கிடந்தாலும் இறங்கிப் பொறுக்கியாக வேண்டும். 2000 ஜூலையில் பாரிஸில் கான்கார்ட் எரிந்து விழுந்ததே, அது ஒரு துண்டு உலோகப் பட்டையில் தொடங்கியது. சற்று முன் கிளம்பிப் போன வேறொரு விமானத்திலிருந்து விழுந்த பட்டை. அது டயரைக் கிழித்தது. 113 உயிர்கள் போயின. அதைப் படித்த பிறகு கீழே கிடக்கும் எதையும் குப்பை என்று என்னால் நினைக்க முடிந்ததில்லை.

சிறிய நிலையத்தில் ஒரு நன்மை உண்டு. ரன்வேயைப் பார்க்கிற ஆளே பறவையையும் பார்க்கிறார், புல்லையும் வடிகாலையும் பார்க்கிறார். பெரிய ஊர்களில் இவை தனித்தனிப் பிரிவுகள், தனித்தனிக் கோப்புகள். இங்கே எல்லாம் ஒரே காலைநேரத்துக்குள் வந்துவிடும்.

*

ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது விமானங்கள் கடல் பக்கமிருந்து வந்து மேற்கு முகமாக இறங்கும். ஐப்பசியில் வாடையும் கொண்டலும் தொடங்கினால் மேற்கிலிருந்து வந்து கிழக்கு முகமாக இறங்கும். அந்தந்த மாதத்தில் யார் வீட்டுக் கூரைக்கு மேல் சத்தம் போகும் என்பதையும் காற்றுதான் முடிவுசெய்கிறது. ஊர்க்காரர்களிடம் இதை யாராவது ஒருமுறை உட்கார்ந்து விளக்கினால் பாதிக் கோபம் குறையும். "இந்த மாசம் மட்டும் ஏன் எங்க தலைக்கு மேலயே வருது?" என்று கேட்டால் அதற்கு ஒரு நேர்மையான பதில் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய கடமை எங்களுடையது.

*

ஓடுபாதை விளக்கிலிருந்து கொஞ்சம் தள்ளி, சரளை மண்ணில் நான்கு முட்டைகள். ஆள்காட்டிக் குருவி கூடு கட்டுவதில்லை. தரையில் லேசாக ஒரு குழி, சுற்றிலும் நாலு கல், அவ்வளவுதான். முட்டையின் மேல் கறுப்பும் பழுப்புமாகத் திட்டுகள். குனிந்து பார்க்கும்போது முட்டையாகத் தெரிவது, நிமிர்ந்து ஓரடி நகர்ந்தால் கல்லாகிவிடும். தாய் தூரத்தில் ஓடி ஓடிக் கத்தி, நம்மை வேறு பக்கம் இழுக்கப் பார்க்கும். ஜோடியில் மற்றது தலைக்கு மேலே வட்டமடிக்கும்.

இந்த நான்கு முட்டைகள் பொரிந்தால் ஆறு ஆள்காட்டிகள். ஒவ்வொன்றும் சுமார் இருநூறு கிராம். தனியாக ஒரு குருவி பெரிய ஆபத்து இல்லை. ஆனால் விமானம் நெருங்குகிற கடைசி நொடியில், விலகிப் போவதற்குப் பதில் மேலே எழும்பும் பழக்கம் இதற்கு உண்டு. முட்டை இட்ட பிறகு என்ன செய்தாலும் அது கொடுமைதான். வெட்டவெளியான சரளைத் திட்டை அது தேடி வருவதற்கு முன்பே, மாசி மாதத்திலேயே, அந்த இடத்தை அதற்குப் பிடிக்காததாக ஆக்கியிருக்க வேண்டும். சரளையை இறுக்கி, பள்ளங்களை நிரவி, ஆள் நடமாட்டத்தையும் வைத்திருந்தால் ஜோடி வேறிடம் பார்த்துக்கொள்ளும். முன்னதாகச் செய்யும் வேலைதான் பறவைக்கும் விமானத்துக்கும் நல்லது. பட்டாசும் வாயுத் துப்பாக்கியும் முன்னதாகச் செய்யாமல் விட்டதற்கான பரிகாரங்கள். அவற்றுக்குப் பறவைகள் சீக்கிரம் பழகிவிடும்.

*

புல்லைப் பற்றி எழுதினால் எழுதிக்கொண்டே இருக்கலாம்.

ஒட்ட வெட்டினால் வெட்டுக்கிளியும் புழுவும் வெளியே தெரியும். உண்ணிக்கொக்குகள் வெட்டும் டிராக்டருக்குப் பின்னாலேயே வரிசையாக நடந்து வரும். மைனாவும் கரிச்சானும் சேர்ந்துகொள்ளும். வளரவிட்டால் கவுதாரி, முயல், எலி குடியேறும். எலி இருந்தால் பாம்பு வரும், பருந்து வரும். பிரிட்டனில் ஓடுபாதைப் புல்லை ஒரு சாண் அளவுக்கு உயரமாகவே விடுகிறார்கள். கூட்டமாக மேயும் பறவைகள் சுற்றுமுற்றும் பார்க்க முடியாத இடத்தில் இறங்கத் தயங்கும் என்பது அவர்கள் கணக்கு. அது ஈரமான நாட்டின் கெட்டிப் புல்லுக்குச் சரி. நம் மானாவாரிப் பூமியில் புல் திட்டுத்திட்டாகத்தான் முளைக்கும். இடையிடையே வெறும் தரை. அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. எந்த உயரம் சரி என்பதை இந்த மண்ணிலேயே நின்று வருஷக்கணக்கில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெட்டுவதைக் கடைசி விமானம் போன பிறகு வைத்துக்கொள்வதும், வெட்டிய புல்லை அங்கேயே காயப்போடாமல் அன்றே அள்ளிவிடுவதும் நிச்சயம் பலன் தருகிறது.

முதல் மழைக்கு மறுநாள் தனிக் கவனம் வேண்டும். ஈசல் புறப்படும் நாள் அது. இரவெல்லாம் விமானம் நிற்கும் ஏப்ரனின் விளக்குகளைச் சுற்றி விழுந்த ஈசல், காலையில் சிறகு உதிர்ந்து கான்கிரீட் முழுக்கக் கிடக்கும். பறவைகளுக்கு அது விருந்து. முதல் விமானத்துக்கு முன்னால் அதைப் பெருக்கித் தள்ளியாக வேண்டும். தேவையில்லாத விளக்கை அணைத்து வைத்தாலே பாதி ஈசல் வராது.

*

மயில் வேறு வகைக் கவலை. ஆண் மயில் நான்கு கிலோவைத் தாண்டும், ஆறு கிலோ வரை போகும். பெரிய பறவை ஒன்று உள்ளே போனாலும் என்ஜின் சிதறாமல் பத்திரமாக நிற்க வேண்டும் என்று ஒரு சோதனை வைக்கிறார்கள். மிகப் பெரிய ஜெட் என்ஜின்களுக்கே அந்தச் சோதனைப் பறவையின் எடை 3.65 கிலோதான். சிறிய என்ஜின்களுக்கு 1.85 கிலோ. நம் ஊர் மயில் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

மயிலைத் தொட முடியாது, தொடவும் கூடாது. 1963 முதல் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. திருச்செந்தூர் இருக்கும் மாவட்டத்தில் மயில்மேல் கல்லெறிய ஆள் கிடைக்காது, நல்லவேளையாக. ஆனால் அது ஏன் இங்கே வருகிறது? ஓடுபாதை நீட்டிப்புக்கென்று சுமார் 600 ஏக்கர் சேர்ந்தது. சுற்றிலும் மதில். நாய் இல்லை, ஆடு மேய்ப்பவர் இல்லை, வேட்டை இல்லை. வெளியே காடுகரையெல்லாம் மனையாகிக்கொண்டிருக்க, உள்ளே அத்தனை ஏக்கர் யாரும் மிதிக்காத வெளி. மயிலுக்குப் பாதுகாப்பான நிலத்தை நாமே வேலிகட்டிக் கொடுத்திருக்கிறோம்.

மதிலோரத்துச் சீமைக் கருவேலத்தை அகற்றினால் மயிலுக்கு மறைவு போய்விடும். உள்ளே தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் வரத்து குறையும். ஆனால் அது போவதற்கு வெளியே ஓர் இடம் வேண்டுமே. மதிலுக்கு வெளியே நாலு குளத்தங்கரையில் மரமும் புதரும் மிஞ்சியிருந்தால்தான் உள்ளேயிருந்து விரட்டுவதற்கு அர்த்தம் உண்டு. இந்த எண்ணம் வந்ததிலிருந்து அக்கம்பக்கத்துக் கண்மாய்களை விமான நிலையத்தின் பகுதியாகவே நினைத்துப் பார்க்கிறேன்.

*

1937ஆம் ஆண்டு விமான விதிகளில் 91ஆவது விதி, நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் ஆடுமாடு அறுப்பதையும் தோலுரிப்பதையும் குப்பை கொட்டுவதையும் தடுக்கிறது. வாகைகுளத்திலிருந்து 10 கிலோமீட்டர் என்றால் தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையும் நெடுஞ்சாலையும் எத்தனையோ சிற்றூர்களும் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கடை இல்லாத ஊர் எது? விதியைக் காட்டி மிரட்டுவது சுலபம். மறுவாரம் அதே கடை பத்தடி தள்ளித் திறந்திருக்கும். கழிவு இன்னும் ஒதுக்குப்புறமாகப் போய் விழும், பருந்துகள் அங்கே வட்டமிடும்.

கடைக்காரருக்கும் வேறு வழி வேண்டும். கோழிக்கழிவை வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் வந்து எடுத்துப்போவார் என்பது முடிவானால் அவர் ஏன் சாலையோரம் கொண்டுபோய்ப் போடப்போகிறார்? ஆட்சியர் தலைமையில் விமான நிலையச் சுற்றுச்சூழல் குழு என்று ஒன்று கூடும். அந்த மேசையைச் சுற்றி ஊராட்சித் தலைவர்களோடு ஒரு இறைச்சிக்கடைக்காரரும் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பருந்து எந்த நேரத்தில் எங்கே கூடும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு அதிகாரிகளுக்குத் தெரியாது.

*

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொச்சி விமான நிலையம் 2015இலேயே முழுக்கச் சூரிய ஒளியில் ஓடிக் காட்டிவிட்டது. தகடு பதிக்கப் பக்கத்து ஊரின் சம்மதம் தேவைப்படாது. அதனால்தான் அது சீக்கிரம் நடக்கிறது என்றும் தோன்றுகிறது.

*

ஏ.டி.ஆர். என்ற சிறிய விசிறி விமானத்தில் ஒரு வினோதம். பெரிய விமானங்களின் வாலில் இருக்கும் துணை என்ஜின் இதில் கிடையாது. தரையில் நிற்கும்போது வலதுபக்க என்ஜினையே ஓடவிட்டு, விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி, விளக்கும் குளிரும் வாங்குவார்கள். ஹோட்டல் மோடு என்பார்கள். பயணிகள் ஏறி இறங்குகிற நேரமெல்லாம் ஒரு என்ஜின் எரிந்துகொண்டே இருக்கும். மின்சாரம் தரும் வண்டியைக் கொண்டுபோய் இணைத்துவிட்டால் அது தேவையில்லை. அந்த வண்டி டீசலா, பேட்டரியா என்பது அடுத்த கேள்வி. பெட்டி ஏற்றுகிற பிள்ளைகள் அந்தப் புகைக்குள்தான் நிற்கிறார்கள். வெளியே ஊருக்குக் கேட்கிற சத்தத்தைப் பற்றிப் பேசும் நாம் இவர்கள் காதையும் மூச்சையும் முதலில் எண்ண வேண்டும்.

*

ஆங்கிலக் கால்வாயில் ஜெர்சி என்று ஒரு சின்னத் தீவு. அதன் விமான நிலையத்தில் தீயணைப்புப் பயிற்சிக்காக அடித்த நுரை மண்ணுக்குள் இறங்கிக் கீழ்ப்புறத்து வீடுகளின் கிணறுகளில் கலந்தது 1990களில் தெரியவந்தது. அந்த நுரையில் இருந்த ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் உடம்பிலும் சிதைவதேயில்லை. வீடுகளுக்குக் குழாய்த்தண்ணீர் கொடுத்தார்கள். ஆனாலும் இத்தனை வருஷம் கழித்தும் அங்கே ஆட்களின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணெய்த் தீயை நுரைதான் அமுக்கும். ஓடுபாதையின் எந்த இடத்துக்கும் தீயணைப்பு வண்டி மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும், முடிந்தால் இரண்டு நிமிடத்தில். அதற்குப் பயிற்சி தேவை, அதில் சமரசம் இல்லை. ஆனால் ஃபுளோரின் இல்லாத நுரை இப்போது கிடைக்கிறது. பயிற்சித் தளத்தின் அடியில் கசியாத தொட்டியும் கட்டலாம். கிணற்றையும் ஆழ்துளையையும் நம்பியிருக்கிற பூமி இது. விலை கூடுதல் என்று கொள்முதல் கோப்பில் ஒருவர் எழுதினால், ஜெர்சியின் கதையை அதே கோப்பில் அடுத்த தாளாக வைக்க வேண்டும்.

*

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. மாவட்டமே தீவானது. விமானங்களும் ரத்தாயின.

அதற்குப் பிறகு நான் அடிக்கடி போடும் கணக்கு இது. ஓடுபாதை 3,115 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். அதன்மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1.4 கோடி லிட்டர் தண்ணீர். முன்னே மண்ணாக இருந்தபோது அதில் ஒரு பங்கை நிலம் குடித்தது. இன்று ஒரு சொட்டும் உள்ளே இறங்காது. டாக்ஸிவே, ஏப்ரன், 2025 ஜூலையில் திறந்த 17,340 சதுர மீட்டர் புதிய முனையம் எல்லாவற்றையும் சேர்த்தால் எங்கேயோ போகும். ஓடுபாதையில் தண்ணீர் நிற்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. ஆகவே வேகமாக வடியவைக்கிறோம். எங்கே வடிகிறது? மதிலுக்கடியில் மதகு வழியாக அடுத்தவர் காட்டுக்குள். அவருடைய உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும் அந்த வேகம் தாங்காது.

புதிய முனையத்தில் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த ஏற்பாடு இருக்கிறது. நல்லது. மழைநீருக்கும் அதே அக்கறை வேண்டும். உள்ளே பெரிய குளம் வெட்டினால் பறவை வரும். எனவே தண்ணீரை மதிலுக்கு வெளியே, கொஞ்சம் தொலைவிலுள்ள கண்மாய்க்குக் கொண்டுபோகும் ஓடை சுத்தமாக இருக்க வேண்டும். அந்த ஓடை யார் பொறுப்பு என்று கேட்டால் ஆளுக்கொரு துறையைக் காட்டுவார்கள்.

புரட்டாசிக்குள் ஒரு நாள், எங்கள் வடிகாலைப் பார்க்கிறவரும், ஊராட்சிக்காரரும், பாசனத்தைப் பார்க்கிற பெரியவர் ஒருவரும் மதகிலிருந்து கண்மாய் வரை ஒன்றாக நடக்க வேண்டும். அடைப்பு எங்கே, கரை எங்கே உடையும், எந்த வயலில் முதலில் தண்ணீர் ஏறும் என்பதைப் பெரியவர் காட்டுவார். அவர் காட்டும் இடங்களைக் குறித்துக்கொண்டு, மண்வெட்டும் இயந்திரத்தை ஐப்பசி முதல் வாரத்துக்குள் அங்கே அனுப்பிவிடலாம். இந்த வருஷம் அந்த நடைக்கு நாள் குறிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.