குறுகிய மூச்சு



மூச்சில் மனத்தை நிறுத்தும் பயிற்சி சதிபட்டான சூத்திரத்தின் தொடக்கத்திலேயே அமைந்துள்ளது. பகவான் அதனை உபதேசித்தது குரு நாட்டில், கம்மாசதம்மம் என்னும் ஊரில். இன்றைய தில்லிப் பகுதி அப்பழைய குரு நாட்டைச் சேர்ந்தது. மூச்சு நீண்டதாயின் நீண்டதென்றும், குறுகியதாயின் குறுகியதென்றும் உள்ளபடி அறிதலே ஆங்கு முதற்படி. அதை அடக்குமாறு அவர் கூறவில்லை.

நுரையீரல் தானாக விரிவதன்று. உதரவிதானம் என்னும் தசை கீழே இறங்க, விலாவெலும்புகள் உயர, மார்பறை அகலுகின்றது. உள்ளே அழுத்தம் குறையவே வெளிக்காற்று புகுகின்றது. அமைதியாயிருக்கையில் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ அரை லிட்டர். இயன்றமட்டும் இழுத்து முழுவதும் ஊதினால், வளர்ந்த ஆடவர் பலருக்கு 4 அல்லது 5 லிட்டர் வெளிவரும். அப்போதும் ஒரு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட காற்று உள்ளேயே தங்கிவிடும். (எல்லாவற்றையும் துறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வோர் இதனைக் கருதுக!)

இவ்வளவை அறியும் கருவியை ஜான் ஹச்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் 1846-இல் விவரித்தார். நீரில் கவிழ்த்த பாத்திரத்தை ஊதும் காற்று மேலே உயர்த்தும். உயர்ந்த அளவே மூச்சின் அளவு. 2,000-க்கு மேற்பட்டோரை அளந்து, உயரம் மிகுந்தோர்க்கு அளவும் மிகுவதைக் கண்டார். இக்காலக் கருவிகள், முதல் ஒரு வினாடியில் எவ்வளவு வெளிவருகிறதென்பதையும் காட்டும். மூச்சுக்குழல் சுருங்கியிருப்பின் அது குறையும்.

இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தில்லிப் பள்ளிப் பிள்ளைகளை இவ்வாறு அளந்தபோது, 100-க்கு 43.5 பேருக்கு நுரையீரலின் திறன் குன்றியிருந்தது. ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட சிற்றூர்ப் பிள்ளைகளில் அது 25.7.

இதைக் கேட்டதும், "எல்லாம் முன்வினை" என்பார் நம்மிடையேயும் உளர். மோளிய சீவகன் என்னும் பரிவிராஜகன் பகவானிடம் இதையே வினவினான். பித்தம், கபம், வாதம், பருவ மாறுதல் முதலிய பல காரணங்களை எடுத்துரைத்து, வினைப்பயனை அவற்றுள் ஒன்றாகவே வைத்தார் பகவான். அனைத்தையும் முன்வினை என்பது பிழையென்றே மறுத்தார்.

ஐப்பசி, கார்த்திகையில் தில்லியில் குளிர்ந்த காற்று தரையோடு தங்குகிறது. வாகனப் புகையும் வயலில் கொளுத்திய வைக்கோலின் புகையும் மேலெழாமல் நிற்கின்றன. அந்நகரில் வாழும் அன்பர்களே, ஓடியாடும் பிள்ளைக்கு இளைப்புக் கண்டால் ஜாதகத்தைப் புரட்டாதீர்கள். மருத்துவமனையில் மூச்சை அளக்கச் செய்யுங்கள். வந்த அளவை நாளுடன் குறித்துவைத்து, அடுத்த முறை செல்லுகையில் அதனையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.