ஈர விறகும் இருவாரக் கணக்கும்

தர்க்கம் படிப்பவர்கள் முதலில் கற்கும் பாடம் மலையும் புகையும். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. இதைத் திருப்பிப் போட்டால் பிழை. உலையில் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை கிடையாது. நெருப்பு புகைய வேண்டுமானால் விறகு ஈரமாக இருக்க வேண்டும். சொல்லாமல் ஒளிந்திருக்கும் இந்த நிபந்தனைக்கு நியாய நூலார் உபாதி என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் ‘ரோபோடெட்’ என்று மக்கள் பெயர் சூட்டிய நலத்தொகை வசூல் திட்டம் ஈர விறகை மறந்த ஓர் அனுமானம்தான். பிழை எங்கே இருக்கிறது என்று அதில் மாட்டிக்கொண்டவர்களே விசாரணைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அப்படி எழுதிக் கொடுப்பதை அறிவு என்று கொள்ளலாமா, மனக்குறை என்று ஒதுக்கலாமா? சமூக சேவைகளைச் சீர்திருத்த அமைக்கப்படும் ஒவ்வொரு விசாரணைக்கும் அடியில் இந்தக் கேள்வி கிடக்கிறது.

கணக்கு எளிமையானது. ஆஸ்திரேலியாவில் வேலையில்லாதோர், மாணவர் போன்றோர் இரு வாரத்துக்கு ஒருமுறை தங்கள் வருமானத்தை அரசின் நலத்தொகை அலுவலகமான சென்டர்லிங்குக்குத் தெரிவிப்பார்கள். அதற்கேற்ப உதவித்தொகை கூடும், குறையும். வரித்துறையிடம் இருப்பதோ ஆண்டு வருமானம். அந்த ஆண்டுத் தொகையை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பிரித்து, அவர்கள் தெரிவித்த தொகையோடு கணினி ஒப்பிட்டது. ஒரு மாணவி 13 இருவாரங்கள் தலா 1,000 டாலர் சம்பாதித்து, மீதி 13இல் வேலையே இல்லாமல் உதவித்தொகை வாங்கினாள் என்று வைத்துக்கொள்வோம். சராசரிக் கணக்கில் அவள் 26 தடவையும் 500 டாலர் சம்பாதித்தவள். வேலையில்லாத நாட்களில் ‘வருமானம் இல்லை’ என்று அவள் சொன்ன உண்மை, கணினியின் கண்ணில் பொய். ஆண்டு முழுக்க ஒரே சீரான சம்பளம் வாங்குகிறவருக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும். அந்தச் சீரான சம்பளம்தான் இங்கே ஈர விறகு. அப்படிச் சீரான சம்பளம் இருப்பவர் சென்டர்லிங்க் வரிசையில் ஏன் நிற்கப்போகிறார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கூடுதலாக வாங்கியதாகக் கணினி சொன்ன தொகையைக் கடனாகக் கேட்டுக் கடிதம் போனது. கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடிதம் பெற்றவர் தலையில் விழுந்தது. பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேட வேண்டும். வேலை கொடுத்த கடையே மூடப்பட்டிருக்கும். தேட முடியாதவருக்குச் சராசரிதான் இறுதிக் கணக்கு. பலருக்கு அதன்மேல் பத்து சதவீத அபராதம் வேறு. இதையெல்லாம் நடத்திய துறையின் பெயர் மனித சேவைத் துறை.

2017இல் செனட் சபையின் குழு ஒன்று இதை விசாரித்தது. பாதிக்கப்பட்டவர்களும் சட்ட உதவி அமைப்புகளும் எழுத்துமூலம் தங்கள் வாக்குமூலங்களைத் தந்தார்கள். நடைமுறை நியாயத்தில் உள்ள குறைகள் தீரும்வரை திட்டத்தை நிறுத்தி வையுங்கள் என்று அந்த ஆண்டு ஜூனில் குழு அரசுக்குப் பரிந்துரைத்தது. திட்டம் நிற்கவில்லை.

இந்த இடத்தில் பழைய அளவை விவாதம் ஒன்று உதவுகிறது. அறிவு எந்த வழியில் வருகிறது என்பதற்குச் சைவ சித்தாந்தம் காட்சி, கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்று மூன்று அளவைகளைச் சொல்லும். அங்கே உரை என்பது பெரும்பாலும் ஆகமத்தைக் குறிப்பது. நியாய மரபு அதைவிடத் தாராளமானது. விஷயத்தை நேரில் அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவர் எவரோ அவரே ஆப்தர். அவர் முனிவராக இருக்கலாம், ஆரியராக இருக்கலாம், மிலேச்சராகவும் இருக்கலாம் என்று நியாய சூத்திரத்துக்கு வாத்ஸ்யாயனர் எழுதிய விளக்கம் ஒப்புக்கொள்கிறது. பௌத்த தர்க்கவாதிகள் இதை ஏற்கவில்லை. சொல்பவர் நம்பத்தக்கவர் என்று முதலில் ஊகித்து அதன் பிறகே நம்புகிறோம், ஆகவே உரை என்பது கருதலின் ஒரு கிளைதான் என்றார்கள். நவீன அரசு அலுவலகம், தனக்குத் தெரியாமலே, இந்தப் பௌத்தக் கட்சியில் இருக்கிறது. தரவு அதற்குக் காட்சி, கணினிக் கணக்கு அதற்குக் கருதல். மனிதன் வாய்திறந்து சொல்வது இந்த இரண்டில் ஒன்று கைகொடுத்தால்தான் செல்லும். என் கட்சி நியாயத்தின் பக்கம். தன் இருவாரச் சம்பளம் எவ்வளவு என்பதை அந்த மாணவி ஊகிக்கவில்லை, அறிந்திருக்கிறாள். அவள் சொல்லைச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால் சந்தேகிக்கலாம். காரணம் காட்டாத வரை அவள் சொல்லே அளவை.

மறுப்பு உடனே வரும். விசாரணைக்கு எழுதுகிறவர்கள் அடிபட்டவர்கள் மட்டும்தானே, ஒழுங்காகச் சேவை பெற்றவர் எவர் மெனக்கெட்டு எழுதுகிறார்? அவர்களை வைத்து மொத்தத்தை எப்படி எடைபோடுவது? இது நியாயமான கேள்வி. எத்தனை சதவீதம் பேர் பாதிக்கப்பட்டார்கள் என்பதை வாக்குமூலங்களைக் கொண்டு அறிய முடியாது. மருத்துவமனைகளுக்கிடையே போட்டி வேண்டுமா, பல் மருத்துவத்துக்குப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பது போன்ற கேள்விகளை ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணையம் 2016இல் எடுத்தபோது, தனிமனிதர் சொல்லின் பயன் குறைவாகவே இருந்திருக்கும். ஆனால் ரோபோடெட் வாக்குமூலங்கள் விகிதத்தைப் பற்றிப் பேசவில்லை. ‘ஆண்டு வருமானம் இருந்தால் இருவார வருமானமும் அதன் சமபங்கு’ என்ற விதியைப் பற்றிப் பேசின. விதியை உடைக்க மாதிரிக் கணக்கெடுப்பு எதற்கு? புகையில்லாத ஓர் இரும்புக் குண்டு போதும். குழுவின் கைக்கு வந்ததோ ஒரு கூடைக் குண்டுகள்.

கடனாளி தன் கடனை மறுக்கத்தான் செய்வார், அவர் எப்படி ஆப்தர் ஆவார் என்பது அடுத்த மறுப்பு. ஆப்தருக்கு இரண்டு தகுதிகள் என்றோம்: அறிந்திருக்க வேண்டும், உள்ளபடி சொல்லும் விருப்பமும் வேண்டும். சுயநலம் இரண்டாவதைக் கெடுக்கும் என்பது மெய்தான். ஆனால் அந்தத் தராசில் அரசையும் ஏற்றிப் பார்க்க வேண்டும். இந்தத் திட்டத்தால் கிடைக்கப்போகும் சேமிப்பு 2015 பட்ஜெட்டிலேயே வரவில் எழுதப்பட்டுவிட்டது. சட்டத்தைத் திருத்தாமல் இப்படிச் சராசரி போட இடமில்லை என்று 2014 டிசம்பரிலேயே சமூக சேவைத் துறையின் சொந்தச் சட்ட ஆலோசனை சொல்லியிருந்தது. தீர்ப்பாய உறுப்பினர் டெர்ரி கார்னி 2017இல் அதையே தீர்ப்பாக எழுதினார். அரசு மேல்முறையீட்டுக்கும் போகவில்லை, வழியையும் மாற்றவில்லை. அறிந்தும் உள்ளபடி சொல்ல விருப்பமில்லாத தரப்பு எது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இன்னொரு குரல் எதிர்த்திசையிலிருந்து வரும், எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. மனு வாங்குவதே ஒரு சடங்கு. அழுது தீர்க்க ஓர் இடம் கொடுத்துவிட்டு அரசு தன் போக்கில் போகும், எழுதுகிறவர் அதற்கு முத்திரை குத்திக் கொடுக்கிறார் என்கிறது அது. 2017க்குப் பின் நடந்தது இந்தக் குரலுக்குச் சாதகம். ஆனால் கேட்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. பிரிட்டனில் 1832இல் ஏழைகள் சட்டத்தை ஆராய்ந்த ஆணையம் ஊர் ஊராகக் கேள்வித்தாள் அனுப்பியது. பதில் எழுதியவர்கள் பெரும்பாலும் நிவாரணம் பகிர்ந்தவர்கள், நீதிபதிகள், பாதிரிமார், வாங்கியவர்கள் அல்ல. அதிலிருந்து 1834இல் பிறந்த சட்டம் உதவி கேட்டவர் பலரை வேலைவிடுதிக்கு அனுப்பியது. அங்கே வாங்கியவர்களின் உரைக்கு ஏறக்குறைய இடமே இல்லை. அவர்கள் சொல்லில் பிழையைச் சுட்டும் ஆவணம் மிஞ்சியதும் அரிது. ஆஸ்திரேலியாவில் அது மிஞ்சியது. வாக்குமூலம் வாங்கிய அரசு அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மறுப்பதானால் மறுக்கட்டும்; எந்தக் காட்சியால், எந்தக் கருதலால் மறுக்கிறது என்று எழுதிக் காட்டட்டும். கடன் கடிதம் பெற்றவரிடம் அரசு கேட்டதும் இதைத்தானே.

சராசரியை மட்டும் நம்பிக் கடன் விதிப்பது 2019 நவம்பரில் நின்றது. மறு ஆண்டு மே மாதம், 3,73,000 பேருக்கு 72.1 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. 2022 ஆகஸ்டில் கேத்தரின் ஹோம்ஸ் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. மறுபடி மக்களை எழுதச் சொன்னார்கள். 2023 ஜூலை 7 அன்று வந்த அறிக்கை 57 பரிந்துரைகளோடு, திட்டத்தில் நியாயமும் இல்லை, சட்டத்தின் ஆதாரமும் இல்லை என்றது. 2017இல் எழுதியவர்கள் ஆறு ஆண்டுக்கு முன் சொன்னதும் அதுதான்.