மோசேக்கு ஓர் ஆரோன்



எரியும் முட்செடியின் முன் நின்ற மோசே, இறைவன் தமக்கு அளித்த பணியை ஏற்கத் தயங்கினார். தாம் நாவன்மை அற்றவர், பேசத் தடுமாறுபவர் என்று முறையிட்டார். அவ்வேளை ஆண்டவர் செய்ததை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் மோசேயின் நாவைக் குணமாக்கினார் என யாத்திராகமம் கூறவில்லை. அவரை விலக்கிவிட்டு வேறொருவரைத் தேடினார் எனவும் கூறவில்லை. பேச வல்ல ஆரோனை அவர் அருகில் நிறுத்தினார். பணி மோசேயின் பணியாகவே இருந்தது. அதைச் செய்ய ஒரு துணை கிடைத்தது. மக்கள் விடுதலை பெற்றனர்.

நமது கந்தோர்களிலும் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் இத்தகைய ஓர் ஆரோனுக்காகக் காத்திருப்போர் உளர். இவர்களுடைய மூளை பிறவியிலேயே வேறொரு விதமாய் இயங்குகின்றது. ஓட்டிசம் உடையவர்கள், எழுத்துக்களை வாசிக்க இடர்ப்படுகிறவர்கள், ஒன்றில் கவனத்தை நிறுத்த முடியாமல் தவிப்பவர்கள் ஆகியோர் இவர்களுள் அடங்குவர். இது சாபமுமன்று, வளர்ப்பின் குற்றமுமன்று. பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் இது யார் செய்த பாவம் என வினவியபோது, அவனும் அல்ல, அவன் பெற்றோரும் அல்ல என ஆண்டவர் இயேசு தீர்த்துச் சொல்லிவிட்டார். அதே கேள்வியை இன்றும் ஒரு தாயின் முகத்துக்கு நேரே கேட்க நமக்கு என்ன உரிமை?

1943ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கன்னர் ஓட்டிசம் உடைய 11 பிள்ளைகளைப் பற்றி விரிவாய் எழுதினார். அவர்களுள் முதலாவது பிள்ளை டொனால்ட் திரிப்லெற். மிசிசிப்பி மாநிலத்தில் பொரெஸ்ற் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்தவர். சிறு வயதில் வீட்டைவிட்டுப் பிரித்து ஒரு நிலையத்தில் சேர்க்கப்பட்டார். பெற்றோர் மனம் பொறாது அவரைத் திரும்ப அழைத்து வந்தனர். அவர் படித்து 1958இல் பட்டம் பெற்றார். ஊர் வங்கியில் வேலைக்கு அமர்ந்தார். எண்களில் அவருக்கிருந்த ஈடுபாட்டுக்குக் கணக்கேடு ஏற்றதாய் அமைந்தது. அவருடைய விநோதமான பழக்கங்களை ஊரார் பரிகசியாது ஏற்றுக்கொண்டனர். 2023இல் தமது 89ஆம் வயதில் அவர் காலமானார்.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. அந்த வங்கி அவருடைய தாய்வழிக் குடும்பத்தாருடையது. அவருக்கென ஓர் ஆரோனைத் தேடிக்கொடுக்க வீட்டில் வசதி இருந்தது. வங்கி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆரோன் யார்? தாமும் கணவரும் கண்மூடிய பின் இவனுக்குச் சோறு போடுபவர் யார் என்று இரவில் விழித்திருக்கும் தாய்க்கு நமது பதில் என்ன?

திருச்சபையின் பதில் தெளிவானது. பரிசுத்த தந்தை 2ஆம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றி 1981இல் எழுதிய சுற்றுமடலில், குறையுள்ளோரும் முழு மனிதரே, உழைக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு எனப் போதித்தார். முழு ஆற்றல் உள்ளவர்களை மட்டுமே உழைப்புக்கு அனுமதிப்பது மனிதத் தன்மைக்கே இழுக்கு என்பது அவருடைய கருத்து. நாட்டின் கடமையும் இதுவே. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. நியாயமான வசதியைச் செய்துகொடுக்க மறுப்பதும் பாகுபாடே என அவ்வுடன்படிக்கை கூறுகின்றது. ஆகவே இது தருமம் அன்று, நீதி.

அந்த வசதி பெருஞ்செலவு பிடிப்பது என அஞ்ச வேண்டாம். ஒரே மூச்சில் ஐந்து வேலைகளை வாயால் சொல்லாமல், ஒவ்வொன்றாய்த் தாளில் எழுதிக் கொடுங்கள். வாசிக்க இடர்ப்படுபவருக்கோ வாயால் சொல்லிச் செய்து காட்டுங்கள். இரைச்சல் தாங்காதவரின் மேசையைச் சந்தடியற்ற மூலைக்கு மாற்றுங்கள். நாளை வேலையில் மாற்றம் உண்டெனில் இன்றே அறிவியுங்கள். கவனம் சிதறுபவருக்கு நீண்ட வேலையைச் சிறு பகுதிகளாய்ப் பிரித்துக் கொடுங்கள். முகம் பார்த்துப் பேசவில்லை என்பதற்காக ஒருவரை அகந்தை உள்ளவர் என எண்ணாதீர்கள். நேர்முகப் பரீட்சையில் வாயடைத்துப் போகிறவரிடம் ஒரு நாள் வேலையைக் கொடுத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எது துணை செய்யும் என்று அவரிடமே கேளுங்கள். அவர் நம்பிச் சொன்னதை ஊரெங்கும் பரப்பாதீர்கள். வேலைக்கு உரிய சம்பளத்தில் ஒரு சதமும் குறைக்காதீர்கள்.

இப்படிப்பட்டவர்கள் எல்லாரும் மேதைகள் என்று சிலர் கூறுவர். அதுவும் உண்மையன்று. சிலர் மேதைகளாயிருப்பர், பலர் நம்மைப் போன்ற சாதாரண வேலையாட்களே. மேதையாய் இருந்தால்தான் இடம் என்றால், நம்மில் எத்தனை பேர் வேலையில் நிலைத்திருப்போம்? அவர்கள் இறைவனின் சாயலைத் தாங்கியவர்கள். அது ஒன்றே போதும்.

அன்பானவர்களே, இது முதலாளிமாருக்கு மட்டும் சொன்ன புத்திமதி அன்று. பக்கத்து மேசையில் இருப்பவரின் ஏளனச் சிரிப்பே பலரை வேலையை விட்டு ஓடச் செய்கின்றது. திராட்சைத் தோட்டத்து உவமையில், பொழுது சாயும் வரை சந்தையில் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களைக் கூப்பிட ஆள் இருக்கவில்லை. தோட்டக்காரரோ கடைசி மணிவேளையிலும் அவர்களைத் தேடி வெளியே சென்றார். நமது பங்கிலும் அப்படிக் காத்து நிற்பவர் உண்டு. இந்த வாரமே தேடிச் செல்வோம். ஆண்டவர் நமக்குத் துணைபுரிவாராக. ஆமென்.