குற்றம் யாருடையது?

இராயபுரம் எனும் பெயர் இராயப்பரால் வந்தது என்பர். பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பெயர் அது. தம் ஆசானைத் தெரியாதென மும்முறை மறுத்து, பின்னர் மனங்கசந்து அழுதாரே, அதே பேதுரு! அவர் பெயரால் அங்கு எழுந்த கோயிலிலும், 1960களில் தாய்மொழி வழிபாடு வரும்வரை, இலத்தீனே ஒலித்தது. அந்த மன்றாட்டில் மார்பில் மும்முறை தட்டிக்கொண்டு சொல்லும் தொடர் ஒன்று உண்டு: ‘மேயா குல்பா’.

‘குல்பா’ என்றால் குற்றம். ‘மேயா’ என்றால் என்னுடைய. தொடர் நிற்பதோ நம் மூன்றாம் வேற்றுமைப் பொருளில். ‘என் குற்றத்தால்’ என்பதே நேர்பொருள். கோயிலில் பிறந்த தொடர், பின்னர் வீதிக்கும் அரசியல் மேடைக்கும் வந்தது.

நாம் வியப்பது ‘குல்பா’வை அன்று, ‘மேயா’வை! ‘தவறு நேர்ந்துவிட்டது’, ‘கசிவு ஏற்பட்டது’ என்று சொல்ல எவருக்கும் நாக் கூசுவதில்லை. வினை இருக்கும், செய்தவன் இருக்கமாட்டான்.

2017 சனவரி 28 அன்று எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்றது துறைமுகத்தின் முதல் அறிக்கை. அதில் ‘மேயா’ மட்டுமா இல்லை? ‘குல்பா’வே இல்லை! சில நாட்களில் எர்ணாவூர்க் கரையிலே கருங்குழம்பு திரண்டது. மீனவரும் மாணவரும் வாளி கொண்டு அள்ளினர். குற்றம் எவருடையதோ, கறுத்தது அவர்களுடைய கை. 2023 திசம்பர் வெள்ளத்திலும் எண்ணெய் பரவி எண்ணூர்க் கழிமுகம் கறுத்தது.

தமிழருக்கு இச்சொல் புதிதன்று. சிலம்பின் பாண்டியன் காவலரைக் கைகாட்டவில்லை. பொற்கொல்லன்மேல் பழிபோட்டுத் தப்பவில்லை. தன்னையே கள்வன் என்றான், அதுவும் இழந்தவளின் முகத்துக்கு நேரே. நெஞ்சுரம்தான்! ஆயினும் கேட்கிறோம்: அவன் உயிர்விட்டதால் கண்ணகிக்குக் கிடைத்தது என்ன? மாண்ட கோவலன் மீண்டானா?

ஆண்டவனிடம் முறையிட்டால் போதும் என்று கத்தோலிக்கக் கோட்பாடும் விட்டுவிடவில்லை. பிறருக்குச் செய்த இழப்பை ஈடுசெய் என்கிறது. மார்பைத் தட்டிக்கொள்வது எளிது, மடியை அவிழ்ப்பதன்றோ கடினம்! எண்ணெய் படிந்த வலை மீண்டும் கடலுக்கு உதவாது. புது வலைக்குப் பணம் வேண்டும். அது எவர் பையிலிருந்து வரவேண்டும் என்பதை அந்த ‘மேயா’ காட்டிக்கொடுத்துவிடுகிறது. அறிக்கை எழுதுவோர் அச்சொல்லைக் கண்டு அஞ்சுவது அதனால்தான் போலும்.