பாழ்பட்ட சுவருக்கு உடையவர் யார்?

பத்துமலைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்த கையோடு, "இந்தக் குகையை யார் கண்டுபிடித்தது?" என்று கேட்பது வழக்கம். 1878இல் ஹார்னடே என்ற அமெரிக்கர் வந்து பார்த்து எழுதியதால் வெளியுலகம் அறிந்தது என்பார்கள். அவருக்கு முன்பே சீனர்கள் காய்கறித் தோட்டங்களுக்கு எருவாக இங்கே வௌவால் எச்சத்தை வெட்டியெடுத்தார்கள். அவர்களுக்கும் முன்பே தெமுவான் பழங்குடியினர் குகை வாயிலில் ஒதுங்கித் தங்கினார்கள். தம்புசாமிப் பிள்ளை அவர்கள் கோயில் ஏற்படுத்தியது 1891இல். கணக்கில் எழுதியவர் பெயர் நிற்கிறது. மூட்டை சுமந்தவர் பெயர் நிற்பதில்லை. இது நம் தொழிலிலும் உள்ளதுதானே!

இதையொட்டி வேறொரு கேள்வியை வியாபார சகோதரர்கள் முன் வைக்க விரும்புகிறோம். உடையவர்கள் மாண்டு, கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய கட்டடத்தை, நிலம் வாங்கியவர் இடித்துக்கொள்ளலாமா?

இது வீண் பேச்சல்ல. கெடாவில் ஜெராய் மலையடிவாரத்திலிருந்து மெர்போக் ஆற்று முகம் வரை உள்ள பூஜாங் பள்ளத்தாக்குதான், தமிழர் ஏடுகளில் கடாரம் என்று வரும் நாடு. ராஜேந்திர சோழரின் கப்பற்படை 1025இல் வந்தது இங்கேதான். அங்கே சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளை 2009 முதல் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கோயில் அடித்தளங்களோ பல. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து 'சண்டி' என்கிறார்கள். அவற்றில் 11ஆம் எண் சண்டியை, வீடு கட்ட நிலத்தைச் சமன் செய்தவர்கள் இயந்திரம் விட்டுத் தரைமட்டமாக்கிவிட்டார்கள் என்ற செய்தி 2013இல் வெளியாயிற்று. ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கிய கல், லோரியில் ஏறிப் போயிற்று. நிலம் தனியாருடையது, காப்பிடமாக அரசிதழில் பதிவாகவில்லை என்று பதில் வந்தது.

பதில் சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். நியாயப்படி சரியா?

"அது வேறு மதத்தாரின் கோயில், நமக்கென்ன?" என்பார் நம்மில் சிலர். மிஸ்ரு தேசத்தை சகாபாக்கள் வென்று ஏறக்குறைய 1,400 ஆண்டுகள் ஆகின்றன. பிர்அவ்ன்களின் பிரமிடுகளை அவர்கள் இடிக்கவில்லை. பின்னால் 1196இல், சுல்தான் சலாஹுத்தீன் அவர்களின் மகன் மலிக்குல் அஜீஸ் ஒன்றை இடிக்கத் தொடங்கினார். எட்டு மாதம் கூலி கொடுத்தும் ஒரு பக்கத்தில் பள்ளம் விழுந்ததே மிச்சம். அந்தப் பள்ளம் இன்றும் இருக்கிறது. பூமியில் சுற்றி வந்து முன்னிருந்தவர்களின் முடிவைப் பாருங்கள் என்று வேதம் பல இடங்களில் ஏவுகிறது. சுவடே இல்லாமல் துடைத்துவிட்டால் எதைப் போய்ப் பார்ப்பது?

"என் பணம், என் நிலம்" என்பது அடுத்த வாதம். இது வியாபாரியின் வாதமாகையால் வியாபாரியாகவே பதில் சொல்வோம். ஒருவர் நம் கடையில் மூட்டையை வைத்துவிட்டுப் போய்த் திரும்பவில்லை. கடை நம்முடையது என்பதால் மூட்டையும் நம்முடையதாகிவிடுமா? வழியில் கண்டெடுத்த பொருளை ஓராண்டு அறிவிக்க வேண்டும், புதையலில் ஐந்தில் ஒரு பங்கு பொதுவுக்கு என்று மதரசாவில் ஓதியிருக்கிறோம். புதையலையாவது பங்கு பிரிக்கலாம். சண்டியை எப்படிப் பிரிப்பது? ஐந்தில் ஒரு பங்கு செங்கல்லைக் கொடுத்தால் தீருமா? ஆகவே அது முழுவதும் அமானிதம் என்பதே நமது எண்ணம். நிலக்காரருக்கு நஷ்டம் வரக்கூடாது. அரசு நியாய விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் செலவில் நம் வரிப்பணமும் சேரட்டும்.

இக்கரையில் மட்டும் நடந்த காரியமல்ல இது. நாகூருக்கு ஸியாரத் போகிறவர்கள் நாகப்பட்டினம் வழியாகத்தானே போகிறோம்? அங்கே கடாரத்து அரசர் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு, சைவரான ராஜராஜ சோழர் சுமார் 1006இல் ஆனைமங்கலம் என்ற ஊரையே மானியமாக விட்டார். கட்டியவரும் கொடுத்தவரும் வேறு வேறு மதம், வேறு வேறு நாடு. கப்பல் வியாபாரம் அவர்களைச் சேர்த்தது. அந்நகரில் கடைசியாக நின்ற பௌத்தர் காலத்துச் செங்கற்கோபுரம் கப்பலோட்டிகளுக்கு அடையாளமாகவும் இருந்தது. கல்லூரிக் கட்டடத்துக்காக, அரசாங்க அனுமதியுடன் 1867இல் அதை இடித்தார்கள். ஒரே கடல்வழியின் இரு முனையிலும் இப்படி! அங்கே கல்லூரிக்கு, இங்கே வீட்டுக்கு. இரண்டும் நல்ல காரியங்களே என்பதுதான் நம்மை உறுத்துகிறது. கெட்ட காரியத்துக்கு இடித்தால் தடுக்க நாலு பேர் வருவார்கள்.

நமது சொந்தச் சுவடுகளையும் யோசிக்க வேண்டும். நாகூர், காரைக்கால், கீழக்கரையிலிருந்து இதே வழியாக வந்து கடை போட்டவர்களின் தமிழ்ப் பேரேடுகள் எங்கே? கடை கைமாறும்போது பழைய காகிதக்காரருக்கு நிறுத்துப் போட்டுவிடுகிறோம். ஆயிரம் ஆண்டு கழித்து நம் இடத்தைத் தோண்டுகிறவருக்கு ஒரு தராசுக்கல் அகப்பட்டால் உண்டு.

பினாங்குக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள் ஒரு நாளைக் கூட்டி வைத்துக்கொண்டு மெர்போக்குக்குப் போய் வரலாம். பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே ஏறக்குறைய ஒரு மணி நேரம். புக்கிட் பத்து பகாட்டில், ஓடைக்கரையில், 1960 வாக்கில் கல் பொறுக்கிச் சேர்த்து நிறுத்திய 8ஆம் எண் சண்டி இருக்கிறது. பக்கத்திலேயே காட்சிசாலையும் உண்டு. கூடப் போகும் பிள்ளைகளுக்கு நாகப்பட்டினம் எங்கே என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அங்கே நின்று கேட்பார்கள்.