மாவுநீரும் பாற்கடலும்

உபமன்னிய முனிவர்க்கு இறைவன் பாற்கடல் ஈந்த வரலாறு யாவரும் அறிந்ததே. அக்கடலுக்கு முன்னே ஒரு கிண்ணம் மாவுநீர் இருந்தமையை நினைப்பவர் சிலரே.

மகாபாரதத்து அநுசாசன பருவத்திலே அம்முனிவரே அதனைக் கண்ணபிரானுக்கு உரைக்கின்றார். உறவினர் இல்லத்தில் ஆன்பாலைச் சுவைத்த சிறுவன், வீடு மீண்டு தாயிடம் பால் கேட்டான். கனியும் கிழங்கும் உண்டு வாழும் வனத்திலே பால் ஏது? அன்னை மாவை நீரிற் கரைத்துப் பாலென்று கொடுத்தாள். ‘அம்மா, இது பாலன்று’ என்றான் மகன். அவள் சினந்திலள், தழுவி உச்சி மோந்து, ‘மகாதேவன் அருளின்றி நமக்குப் பால் இல்லை’ என்றாள். ‘அவர் யாவர்?’ என்றான். அவ்வினாவே பின்னர்த் தவமாயிற்று.

மாவுநீரைப் பாலென்றது வஞ்சனையாமோ? ஆகாது. மறைத்தலும் அருளே என்பது நம் சித்தாந்தம். மகன் பொறுக்குந்துணையும் வறுமையை மறைத்தாள். அறியும் பருவம் வந்தவழிப் பதியைக் காட்டினாள். கண்ணபிரானுக்குத் தீக்கை செய்த ஆசிரியர்க்கு முதற்குரு அவ்வேழைத் தாயே.

மடங்களிற் பயிலும் இளைஞர்காள்! ‘எனக்குப் பசியில்லை’ என்று கூறி நும்மை உண்பித்த அன்னையின் சொல்லும் அத்தகைய மறைப்பே. திரோதான சத்தியின் இலக்கணத்தை ஆராயுமுன், இன்று அவள் உண்டனளோ என வினவுமின்.

திருச்சிற்றம்பலம்.